கெர்னலில் ஓட்டை: ரீபூட்டா, லைவ்பேட்சா, பூட்டிவைப்பதா, சும்மா விடுவதா?

திருகோணமலையில் நான் பார்த்துக்கொள்ளும் லினக்ஸ் கணினிகள் மூன்று ரகம். உவர்மலையில் ஒரு ரியூட்டரியின் (தனியார் வகுப்பு நடக்கும் இடம்) லேப் சேர்வர், உப்புவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுஸின் புக்கிங் தளம் ஓடும் வி.பி.எஸ். (பெரிய சேர்வர் ஒன்றின் வாடகைத் துண்டு), மத்திய வீதியில் ஒரு பாமசியின் பில் போடும் கணினி. லினக்ஸின் மையமான கெர்னலில் பாதுகாப்பு ஓட்டை என்று எங்காவது செய்தி அடிபட்டால் போதும், மூன்று இடத்திலிருந்தும் போன் வரும். எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் வேலை லேசு, ஆனால் இரண்டு பேருக்காவது அது பிழையான பதிலாக இருக்கும். புதுக் கெர்னல் போட்டு ரீபூட் செய்யலாம். ரீபூட் இல்லாமல், ஓடும் கெர்னலிலேயே திருத்தத்தைச் செருகும் லைவ்பேட்ச் போடலாம். ஓட்டைக்குப் போகும் வழியை மட்டும் அடைத்துவைக்கலாம். ஆட்களை வேர்ச்சுவல் மெஷினுக்குள், அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் தனிக் கணினிக்குள், தள்ளிவிடலாம். இல்லையென்றால் 'நமக்கு இது வராது' என்று சும்மா விடலாம். கடைசி வழியைக் கேவலமாக நினைக்காதீர்கள், சில இடத்தில் கொஞ்ச நாளைக்கு அதுவும் சரிதான்.

எதை எங்கே என்று முடிவெடுக்க ஓட்டை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்கவேண்டும். கோப்புகளைக் கெர்னல் கையாளும் இடத்தில் வந்த ஓட்டைகளில் நான் எப்போதும் உதாரணமாக எடுப்பது டேர்ட்டி பைப், ஓட்டைகளுக்கு இடும் பொது அடையாளமான சி.வி.இ. இலக்கம் 2022-0847. அது பிடிபட்ட கதையே சுவாரசியம். 2021 ஏப்ரலில் ஜெர்மனியில் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் வாடிக்கையாளர், டவுன்லோட் செய்த அக்செஸ் லொக் (தளத்துக்கு வந்துபோனவர்களின் பதிவு) விரியவில்லை என்று முறையிட்டார். அங்கே வேலை செய்த மாக்ஸ் கெல்லர்மான் பார்த்தபோது சுருக்கிவைத்த அந்த ஜிசிப் கோப்பின் கடைசிப் பகுதி மட்டும் பழுது. கையால் சரிசெய்து கொடுத்துவிட்டு மறந்துவிட்டார். மாதங்கள் போகப் போக அதே முறைப்பாடு திரும்பத் திரும்ப வந்தது, கெட்டுப்போன கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் கடைசி 8 பைட் ஒன்றேதான், அதுவும் சிப் கோப்பின் தலைப்பில் வரும் 'பிகே' என்று தொடங்கும் பைட்டுகள். லொக் கோப்பில் எழுத அனுமதியே இல்லாத ஒரு புரோகிராம், மாத லொக்குகளைச் சேர்த்துச் சிப்பாக்கி அனுப்பும்போது அந்தக் கோப்புகளைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அனுமதி இல்லாமல் எப்படி எழுதும்? எழுதியது புரோகிராம் இல்லை, கெர்னல்.

லினக்ஸ் ஒரு கோப்பை வாசிக்கும்போது டிஸ்க்கிலிருந்து நேரே எடுத்து நீட்டுவதில்லை. முதலில் 4096 பைட் பக்கங்களாக ரேமில் வைத்துக்கொள்ளும், அதற்குப் பெயர் பேஜ் கேஷ், அதே கோப்பை வேறு யார் கேட்டாலும் அந்த ரேம் பிரதிதான் போகும். ஒரு புரோகிராமின் வெளியீட்டை இன்னொன்றுக்குத் தள்ளும் பைப்புக்குள்ளும் இருப்பவை இதே மாதிரிப் பக்கங்கள்தான். ஸ்பிளைஸ் என்ற சிஸ்டம் கோல் (புரோகிராம் கெர்னலிடம் கேட்கும் வேலை), கோப்பைப் பிரதி எடுக்காமல் பேஜ் கேஷில் இருக்கும் பக்கத்தையே பைப்புக்குள் சுட்டிக்காட்டிவிடும். வேகத்துக்காகச் செய்தது, நல்ல வேலைதான். பைப்பில் கடைசிப் பக்கம் நிரம்பவில்லையென்றால் அடுத்து வருவதை அதிலேயே ஒட்டி எழுதலாம் என்று சொல்ல ஒரு ஃபிளாக், அதாவது அடையாளக் குறி, இருக்கிறது. ஸ்பிளைஸ் வழியாக வந்த கோப்புப் பக்கத்துக்கு அந்த ஃபிளாக் ஒருபோதும் இருக்கக்கூடாது, ஆனால் அதைப் பூச்சியமாக்கும் வரி கோடில் விடுபட்டுப்போனது, அந்த இடத்தில் முன்பு யாரோ விட்டுவிட்டுப் போன ஃபிளாக் அப்படியே நின்றது. அதற்குப் பிறகு பைப்பில் எழுதியதெல்லாம் போய் விழுந்தது கோப்பின் பேஜ் கேஷில். வாசிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பு, இம்மியூட்டபிள் (மாற்றக்கூடாதது) என்று பூட்டிய கோப்பு, ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்த (வாசிக்க மட்டும் என்று இணைத்த) டிஸ்க், எதுவானாலும் சரி. பைப்பில் எழுதுபவரிடம் யாரும் அனுமதி கேட்பதில்லையே.

வரம்புகளும் இருந்தன. பக்கத்தின் முதல் பைட்டை மாற்ற முடியாது, பக்க எல்லையைத் தாண்ட முடியாது, கோப்பை நீட்ட முடியாது. ஆனால் பாஸ்வேர்ட் கோப்பில், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசரின் வரியில் நாலு எழுத்தை மாற்றுவதற்கு இது தாராளம். இன்னொரு விஷயம், இது பிறகு தேவைப்படும்: கெர்னலுக்கே தெரியாமல் நடந்த மாற்றம் என்பதால் அந்தப் பக்கத்தை 'மாறியது' என்று அது குறித்துக்கொள்வதில்லை. ஆகவே வேறு யாராவது அதே பக்கத்தில் முறைப்படி எழுதினால் ஒழிய டிஸ்க்கில் ஒன்றும் மாறாது, ரீபூட் செய்தால் சுவடே இல்லாமல் போய்விடும்.

அந்த வரி விடுபட்டது 2016 இல், 4.9 கெர்னலில். அப்போது ஆபத்தில்லை. 2020 இல் 5.8 வந்தபோது பைப் கோடை எளிமையாக்கிய ஒரு மாற்றத்தால் அது ஆபத்தாக மாறியது. 2022 பெப்ரவரி 23 அன்று 5.16.11, 5.15.25, 5.10.102 என்ற பதிப்புகளில் திருத்தம் வந்தது, மார்ச் 7 அன்று விவரம் வெளியானது. திருத்தம் என்றால் ஃபிளாக்கைப் பூச்சியமாக்கும் ஒரே வரி, இரண்டு இடத்தில்.

முடிவெடுப்பவர் இதில் பார்க்கவேண்டியது ஒன்றே ஒன்று. இது வெளியிலிருந்து கதவை உடைக்கும் ஓட்டை இல்லை. உங்கள் கணினியில் சாதாரண யூசராகவாவது ஒரு புரோகிராமை ஓட்ட முடிந்தவர் ரூட் ஆகிவிடுவதற்கான ஓட்டை. ஆகவே 'ஆபத்து எவ்வளவு' என்று என்னைக் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது 'உங்கட மெஷினில் யார் யார் கோட் ஓட்டலாம்?' என்றுதான். ரியூட்டரி லேப்பில் பைதன் படிக்கும் பெடியன்கள் எல்லாருக்கும் லொகின் இருக்கிறது, அவர்களில் கெட்டிக்காரன் ஒருவன் எப்படியும் இருப்பான். கெஸ்ட் ஹவுஸ் தளத்தில் யாருக்கும் லொகின் இல்லை, ஆனால் வேர்ட்பிரஸ் பிளகின் ஒன்றில் ஓட்டை இருந்தால் உலகத்தில் எவனும் வெப் சேர்வரின் யூசராக உள்ளே வந்து நிற்பான், அங்கிருந்து ரூட்டுக்கு ஒரு படிதான். பாமசியில் கவுண்டரில் இருக்கும் அக்கா ஒருவர், பில் போடும் மென்பொருள் ஒன்று, ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே ஒருவன் அந்த யூசராக உள்ளே வந்துவிட்டால் பில் தரவு ஏற்கெனவே அவன் கையில், ரூட் கிடைத்து அவனுக்குப் பெரிதாக என்ன கூடப்போகிறது?

சரி, ரீபூட்.

இதுதான் முழுத் தீர்வு, செலவும் இல்லை, ஆனால் எல்லாரும் பயப்படுவதும் இதற்குத்தான். பயத்துக்கு முன்னம் இன்னொரு குழப்பம்: 'ஓட்டோ அப்டேட் போட்டிருக்கு, அப்ப பிரச்சினை இல்லைதானே?' உபுண்டு என்ற லினக்ஸ் விநியோகம் பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானாகவே இறக்கும், புதுக் கெர்னலையும் இறக்கி டிஸ்க்கில் வைக்கும், ஆனால் தானாக ரீபூட் செய்யாது. ஓடிக்கொண்டிருப்பது பழைய கெர்னல்தான், மாதக்கணக்காக ஓடும். யூநேம் கட்டளைக்கு மைனஸ் ஆர் கொடுத்தால் எது ஓடுகிறது என்று காட்டும், பூட் ஃபோல்டரில் கடைசியாக வந்திருக்கும் பதிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். வார் ஃபோல்டருக்குள் ரன் என்பதில் 'ரீபூட்-ரிக்வயர்ட்' என்று ஒரு சின்னக் கோப்பு கிடந்தால் அது உங்களுக்காகத்தான் காத்துக்கிடக்கிறது.

பதிப்பு இலக்கத்தை வைத்து மட்டும் 'தப்பினேன்' 'மாட்டினேன்' என்று முடிவுகட்டவும் வேண்டாம். இன்னொரு லினக்ஸ் விநியோகமான டெபியன் 11 இல் டேர்ட்டி பைப்புக்கான திருத்தம் வந்தது 5.10.92-2 என்ற பொதியில். மூலக் கெர்னலில் திருத்தம் 5.10.102 என்பதால் இலக்கத்தைப் பார்த்தவர்கள் திருத்தம் இல்லை என்று நினைத்துக்கொண்டார்கள். டெபியன்காரர்கள் அந்த வரியை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் சேர்த்திருந்தார்கள். இப்படிச் செய்வது அவர்களுடைய வழக்கம். சி.வி.இ. இலக்கத்தை உங்கள் விநியோகத்தின் பாதுகாப்புப் பக்கத்தில் தேடுவதுதான் சரியான முறை.

இனி அந்தப் பயம். ரியூட்டரி சேரிடம் ரீபூட் என்ற சொல்லை எடுத்ததும் அவர் கேட்பது 'தம்பி, நிப்பாட்டினா திரும்ப எழும்புமோ?' என்றுதான். நியாயமான கேள்வி. நம்மூரில் சேர்வர் என்றால் பெரும்பாலும் பழைய டெஸ்க்டொப் ஒன்று, கடல் காற்று பட்டு ரேம் தொடுப்புகளில் பச்சை பிடித்து, மதர்போர்டு பட்டரி செத்துப்போய், நிறுத்திப் போட்டால் திகதி பிழை என்று 'எஃப் 1 அமத்து' என நின்றுவிடும். கீபோர்ட் இல்லாத மெஷின் அப்படி நின்றால் யாராவது போய்த்தான் ஆகவேண்டும். எழும்பாமல் போகும் காரணங்கள் பெரும்பாலும் கெர்னலோடு சம்பந்தமே இல்லாதவை. முன்பு ஒருநாள் செருகிய யூ.எஸ்.பி. டிஸ்க்கை, பூட் ஆகும்போது இணைக்கும் டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்.எஸ்.டாப் கோப்பில் எழுதிவைத்து, 'டிஸ்க் இல்லாவிட்டாலும் தொடர்' என்று சொல்லும் 'நோஃபெயில்' என்ற சொல்லைப் போடாமல் விட்டு, பிறகு டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். அடுத்த பூட்டில் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். மலிவு யூ.எஸ்.பி. வைஃபையின் டிரைவர் புதுக் கெர்னலுக்குக் கொம்பைல் ஆகாமல் போகும், மெஷின் எழும்பும், நெட் எழும்பாது. பூட் பகுதி பழைய கெர்னல்களால் நிரம்பி புதியது பாதியில் நின்றிருக்கும்.

இதெல்லாம் ரீபூட் செய்யாமல் இருந்தால் தீர்ந்துபோகும் பிரச்சினைகளா என்ன? அடுத்த மின்வெட்டு உங்களுக்காக ரீபூட் செய்யும், அதுவும் நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து. டேர்ட்டி பைப் வெளியான அதே 2022 மார்ச்சில் இலங்கையில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது ஞாபகம் இருக்கும். யூ.பி.எஸ். பட்டரி தாங்குமா? ஓட்டோ அப்டேட் போட்டிருந்த மெஷின்கள் எல்லாம் கரண்ட் போய் வந்த கையோடு புதுக் கெர்னலில் எழும்பி நின்றன, அந்த மாதத்தில் ரீபூட் செய்யச் சொல்லி யாரையும் நான் கெஞ்சவேண்டி வரவில்லை. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருட்டானதும் இதே வகைதான்.

அதனால் லைவ்பேட்சுக்கு முன்னம் என்னிடம் காசு இருந்தால் நான் வாங்குவது மதர்போர்டுக்கு ஒரு சி.ஆர். 2032 பட்டரி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பட்டரியை மாற்றி, பயாஸில் 'கரண்ட் வந்ததும் தானாக ஓன் ஆகு' என்ற தெரிவைப் போட்டு, எஃப்.எஸ்.டாப்பைச் சுத்தம் செய்து, ஆள் பக்கத்தில் நிற்கும் ஒரு நேரத்தில் வேண்டுமென்றே ஒரு தடவை ரீபூட் செய்து பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு சேரின் கேள்விக்கு 'எழும்பும் சேர்' என்று தைரியமாகச் சொல்லலாம். புதுக் கெர்னல் சரிவராவிட்டாலும் பழையது பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் இருக்கும், அதைத் தெரிவுசெய்து எழுப்பலாம்.

நேரம்? லேப்புக்குப் போயா (பௌர்ணமி விடுமுறை) நாள் வாய்ப்பாக அமைந்தது. மாதம் ஒன்று வரும், அன்று லேப் பூட்டு, உபுண்டுவின் வழக்கமான கெர்னல் அப்டேட்டும் ஏறத்தாழ அந்தச் சுற்றில்தான் வரும். கெஸ்ட் ஹவுஸுக்கு அது தலைகீழ், போயா வார இறுதியில்தான் கொழும்பிலிருந்து ஆட்கள் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் குவிவார்கள், அந்த நேரம் புக்கிங் தளத்தில் கைவைத்தால் முதலாளி என் மீது கைவைப்பார். அதற்குக் கிழமை நடுவில் அதிகாலை. வி.பி.எஸ். ரீபூட் ஒரு நிமிடத்துக்குள் முடிகிற வேலை, மே முதல் செப்டெம்பர் வரையான சீசனில்கூட அந்த ஒரு நிமிடத்தை யாரும் கவனிக்கப்போவதில்லை. ஆனால் இது வழக்கமான அப்டேட்டுக்கான நேரசூசி. டேர்ட்டி பைப் மாதிரி, ஓட்டை வெளியான அன்றே அதைப் பயன்படுத்தும் கோடும் பகிரங்கமாகக் கிடைக்கிற நிலையில், லேப்பில் அடுத்த போயா வரைக்கும் காத்திருப்பது பைத்தியக்காரத்தனம்.

லைவ்பேட்ச் உள்ளே வருவது அந்த இடத்தில்தான். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் பழுதான ஃபங்ஷனின் தொடக்கத்தில் ஒரு திருப்பத்தைப் போட்டு, யார் அதைக் கூப்பிட்டாலும் திருத்திய புது ஃபங்ஷனுக்கு அனுப்பிவிடுவது. ரெட் ஹெட்டின் கேபேட்ச், சூசேயின் கேகிராஃப்ட் என்று தனித்தனியாக இருந்தவற்றுக்குப் பொதுவான அடித்தளம் 2015 இல் 4.0 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. உபுண்டுவில் கனோனிக்கல் லைவ்பேட்ச், உபுண்டு புரோ கணக்கோடு 5 கணினிகள் வரை இலவசம். டேர்ட்டி பைப் மாதிரி ஒரு வரித் திருத்தம் இந்த முறைக்கு அளவெடுத்துத் தைத்தது போல. ஆனால் எல்லா ஓட்டையும் அப்படி வராது, கெர்னல் ரேமில் வைத்திருக்கும் தரவின் அமைப்பே மாறவேண்டிய திருத்தங்களை இப்படிப் போடுவது கடினம். கடுமையான ஓட்டைகளுக்கு மட்டும்தான் பேட்ச் வரும், மற்றவை சேர்ந்துகொண்டே போகும். யூநேம் பழைய இலக்கத்தையே காட்டும் என்பதால் பார்க்கிறவருக்கும் குழப்பம்.

இலவசம், ரீபூட்டும் இல்லை, பிறகென்ன என்று கேட்பீர்கள். என் குறை வேறு. லைவ்பேட்ச் போட்ட இடங்களில் ரீபூட் பழக்கமே செத்துப்போகிறது. ஒரு வருடம் ஓடிய மெஷின் என்று பெருமையாகச் சொல்வார்கள், அது எழும்புமா என்று யாருக்கும் தெரியாது. அதோடு, முன்பு சொன்ன பேஜ் கேஷ் விஷயம்: பேட்ச் விழுவதற்கு முன்னமே யாராவது பாஸ்வேர்ட் கோப்பின் ரேம் பிரதியை மாற்றியிருந்தால் லைவ்பேட்ச் அதைத் திருத்தாது, ஓட்டையை மட்டும்தான் மூடும். மாறிய பக்கம் கேஷில் இருக்கும்வரை அந்த ஆள் ரூட்தான். கெஸ்ட் ஹவுஸ் வி.பி.எஸ்.ஸுக்கு லைவ்பேட்ச் போட்டிருக்கிறேன், அடுத்த அதிகாலை ரீபூட் வரைக்கும் நேரம் வாங்க. அதற்கு மேல் அதை நம்புவதில்லை.

ஓட்டை வெளியான அன்று லேப்பில் ரீபூட்டுக்கு முன்னம் ஒரு சோதனை செய்துவிடுவேன், ரீபூட் செய்தால் தடயம் போய்விடும் என்பதால். பாஸ்வேர்ட் கோப்பின் ஷா ஹாஷை (உள்ளடக்கத்தின் கைரேகை மாதிரி ஒரு எண்) வழக்கம்போல எடுத்தால் அது பேஜ் கேஷில் இருப்பதன் ஹாஷ். டிடி கட்டளைக்கு உள்ளீட்டில் 'டைரக்ட்' என்று கொடுத்து அதே கோப்பை வாசித்தால் கேஷைத் தாண்டி டிஸ்க்கிலிருந்து வரும், அதன் ஹாஷையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்தக் கோப்பில் இப்போதைக்கு ஒன்றுமில்லை. வித்தியாசமாக இருந்தால் ரீபூட்டால் தீரும் கதை அல்ல, ரூட் கிடைத்தவன் அதோடு நிற்கமாட்டான், வேறு எங்கெங்கே என்ன வைத்திருக்கிறான் என்று தேடுவதைவிட டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாகப் போடுவது மேல். ரூட் அதிகாரத்தோடு ஓடும் சூ, சூடோ போன்ற செட்யூஐடி புரோகிராம்களுக்கும் இதே சோதனையைச் செய்வது நல்லது, தாக்குபவருக்கு அவையும் பிடித்தமான இலக்குகள்தான்.

வழியை அடைத்துவைப்பது. கோப்பு முறைமை ஓட்டைகளில் ஒரு பெரிய கூட்டம் யூசர் நேம்ஸ்பேஸ் என்ற வசதி வழியாகத்தான் வரும். சாதாரண யூசர் தனக்கென்று ஒரு சின்ன உலகத்தை உண்டாக்கி அதற்குள் ரூட் மாதிரி நடந்துகொள்ளலாம், மவுண்ட்கூடச் செய்யலாம். 2021 ஜூலையில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட செக்கொயா ஓட்டையில் ஒன்றுக்குள் ஒன்றாக ஏறத்தாழ பத்து லட்சம் ஃபோல்டர்களை உண்டாக்கி, பாதையின் நீளத்தை ஒரு ஜிபிக்கு மேல் கொண்டுபோய், அதை மவுண்ட் செய்து அழித்து, கெர்னலின் இலக்கக் கணக்கைக் குழப்பினார்கள். ஃபோல்டர்களை அடுக்கி ஒன்றாகக் காட்டும் ஓவர்லே எஃப்.எஸ். என்ற கோப்பு முறைமையில் 2021 இல் ஒன்று, 2023 இல் சில. உபுண்டு தன் கெர்னலில் தானே செய்த மாற்றங்களால் வந்தவையும் அவற்றில் உண்டு. யூசர் நேம்ஸ்பேஸை மூடினால் இவற்றின் வழக்கமான வழி அடைபடும், ஒரு சிஸ்கன்ட்ரோல் (கெர்னல் அமைப்பு) வரிதான், ரீபூட்டும் வேண்டாம்.

நல்லது. டேர்ட்டி பைப்புக்கு? ஒரு பிரயோசனமும் இல்லை, அதற்கு நேம்ஸ்பேஸ் தேவையே இல்லை. பைப்பை மூடலாம் என்றால் பைப் இல்லாமல் லினக்ஸே இல்லை. 2016 இல் வெளியான டேர்ட்டி கவ் என்ற ஓட்டையும் அதே ரகம். ஆக இந்த வழி எந்த ஓட்டை என்பதைப் பொறுத்தது, செய்தியைப் படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. பக்க விளைவும் உண்டு: நேம்ஸ்பேஸை முழுக்க மூடினால் குரோம் வகை பிரவுசர்களின் சாண்ட்பொக்ஸ், ஃபிளாட்பாக், ரூட்லெஸ் பொட்மேன் எல்லாம் முரண்டுபிடிக்கும், லேப்பில் பிள்ளைகள் பாவிக்கும் கோட் எடிட்டர் திறக்காமல் நின்றால் பாடம் போச்சு. பிரவுசரே இல்லாத வெப் சேர்வருக்கு இதை நான் நிரந்தரமாகவே போட்டுவைப்பேன், அங்கே இழப்பு ஒன்றும் இல்லை. உபுண்டு 24.04 முதல் அப்பார்மர் என்ற பாதுகாப்புக் கட்டுப்பாடு மூலம் இதை இயல்பாகவே கட்டுப்படுத்தியிருப்பது நல்ல முடிவு.

வேர்ச்சுவல் மெஷின் பற்றிப் பேசினால் உடனே ஒருவர் 'டொக்கர் போட்டாச்சு' என்பார். டொக்கர் கன்டெய்னர்கள் (புரோகிராம்களைத் தனித்தனியே அடைத்து ஓட்டும் பெட்டிகள்) எல்லாம் பாவிப்பது ஒரே கெர்னல், ஒரே பேஜ் கேஷ். ஒரே இமேஜிலிருந்து எழுப்பிய இரண்டு கன்டெய்னர்களில் ஒன்றுக்குள் இருப்பவன் டேர்ட்டி பைப்பால் அந்த இமேஜின் கோப்பை மாற்றினால் மற்றதற்குள்ளும் மாறியதுதான் தெரியும். சுவர் இருப்பது போலத் தோன்றும், இந்த வகை ஓட்டைக்கு அந்தச் சுவர் இல்லை. கே.வி.எம். வழியாக ஓடும் வேர்ச்சுவல் மெஷின்கள் வேறு, ஒவ்வொன்றுக்கும் தன் கெர்னல். உள்ளே ஒருவன் ரூட் ஆனாலும் அந்த வேர்ச்சுவல் மெஷினுக்குத்தான் ராஜா.

ரியூட்டரிக்கு நான் சிபாரிசு செய்தது இதைத்தான், ஆளுக்கு ஒன்று இல்லை, 8 ஜிபி ரேமில் அது நடக்காது, வகுப்புக்கு ஒன்று. வகுப்பு முடிந்ததும் முன்பு எடுத்துவைத்த ஸ்னாப்ஷொட்டுக்குத் திருப்பிவிடலாம், எவன் என்ன செய்திருந்தாலும் போய்விடும். சேரின் மதிப்பெண் பட்டியலும் கட்டண விவரமும் ஹோஸ்ட்டில், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில். உள்ளே இருக்கும் கெர்னலுக்கும் அப்டேட் வேண்டும்தான், ஆனால் அதை ரீபூட் செய்ய யாரிடமும் கேட்கத் தேவையில்லை, மதர்போர்டு பட்டரியும் குறுக்கே வராது. ஒருநாள் வேலை பிடிக்கும், அதன் பிறகு மாதாமாதம் மிச்சப்படும் தலைவலிக்கு அது ஒன்றுமே இல்லை.

வாடகை சேர்வர் எடுப்பவர்களுக்கு ஒரு கேள்வி: உங்களுடையது கே.வி.எம்.மா, கன்டெய்னர் வகையா? கே.வி.எம். என்றால் கெர்னல் உங்கள் பொறுப்பு, கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவேண்டாம். ஓபன்விசெட் மாதிரி கன்டெய்னர் வகை என்றால் கெர்னல் அவர்களுடையது, உங்களால் ஒன்றும் செய்ய முடியாது, பக்கத்து வீட்டுக்காரன் யாரென்றும் தெரியாது. மாதம் ஓரிரு டொலர் வித்தியாசத்துக்காக இரண்டாவதை எடுக்கவேண்டாம்.

சும்மா விடுவதற்கு ஆதரவாக ஒரு வாதம் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். உபுண்டு 20.04 இன் அசல் கெர்னல் 5.4. டேர்ட்டி பைப் 5.8 இலிருந்துதான் ஆபத்து. புதிதுக்கு மாறாமல் அந்த அசல் கெர்னலிலேயே இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, மாறியவர்கள்தான் ஓடித்திரிந்தார்கள். 'பழசுதான் பாதுகாப்பு' என்று பாமசி அண்ணன் சொல்லும்போது அவர் கையில் ஒரு உதாரணமாவது இருக்கிறது. ஆனால் டேர்ட்டி கவ் 2007 இலிருந்து 2016 வரை கெர்னலுக்குள் கிடந்தது, செக்கொயா 2014 இலிருந்து 2021 வரை. பழைய கெர்னலில் இருப்பது தெரிந்த ஓட்டை, கோட் பகிரங்கமாகக் கிடைக்கும் ஓட்டை. 2023 ஆரம்பத்தில் திருத்தப்பட்ட ஓவர்லே எஃப்.எஸ். ஓட்டை ஒன்றை அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு நிறுவனமான சிசா 2025 ஜூனில்தான் 'இப்போது பாவிக்கப்படுகிறது' என்ற பட்டியலில் சேர்த்தது. இரண்டு வருடம் கழித்தும் திருத்தாத மெஷின்கள் கிடைக்கின்றன என்பதால்தானே பாவிக்கிறார்கள். 20.04 க்கு வழக்கமான ஆதரவும் 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது.

அந்த பாமசிக்கு என் முடிவு: கடை மூடும்போது கணினியை நிறுத்து, காலையில் போடு. அவ்வளவுதான், அது தினசரி ரீபூட், ஓட்டோ அப்டேட் ஏற்கெனவே இருக்கிறது. லைவ்பேட்ச் வேண்டாம், வேர்ச்சுவல் மெஷின் வேண்டாம், ஓட்டைச் செய்தி வந்த அன்றே ஓடிப்போகவும் வேண்டாம், இரவு நிறுத்தும்வரை பொறுக்கலாம். அங்கே என் கவலை வேறு, பில் தரவின் பிரதி அதே கணினியின் இன்னொரு ஃபோல்டரில்தான் கிடந்தது. கெர்னலைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னம் அதை வெளியே ஒரு டிஸ்க்குக்கு மாற்றவைத்தேன், செருகிவைக்காமல் கிழமைக்கு ஒரு தடவை செருகி எடுத்துவிட்டுக் கழற்றிவைக்கும் டிஸ்க். எஃப்.எஸ்.டாப்பில் நோஃபெயிலோடுதான்.